நீர் மாத்திரை வேலை செய்கிறதா? தராசைக் கேளுங்கள்!

"டாக்டர், மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துல நாலு தடவை பாத்ரூம் போறேன். நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

"எனக்கு அப்படியெல்லாம் போகலையே டாக்டர்... மாத்திரை எனக்கு ஒத்துக்கலையோ?"

இதயம் பலவீனப்பட்டு, நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள் இவை. உங்கள் வீட்டிலும் அப்பாவோ, மாமியாரோ, பெரியப்பாவோ இந்த மாத்திரையைச் சாப்பிடலாம். மாத்திரை சரியாக வேலை செய்கிறதா, குறைவாகவா, அளவுக்கு மீறியா? இதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் ஒருநாள் நடுராத்திரியில் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டி வரும். இல்லையென்றால் உடம்பு வறண்டு சிறுநீரகம் பாதிக்கப்படும். பாத்ரூம் போன தடவையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த இரண்டு ஆபத்துமே கண்ணில் படாது.

வேறு என்னதான் பார்ப்பது? வாருங்கள், பார்ப்போம்.

வடிகாலும் வயலும்

'ஹார்ட் ஃபெயிலியர்' என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். இதயம் நின்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. பம்ப் பலவீனமாகிவிட்டது அல்லது விறைத்துவிட்டது, அவ்வளவுதான். உடம்புக்குத் தேவையான ரத்தத்தை அதனால் போதிய வேகத்தில் அனுப்ப முடிவதில்லை. ரத்தம் குறைவாக வருவதைப் பார்த்த சிறுநீரகம், 'அடடா, உடம்பில் தண்ணீர் பற்றாக்குறை போலிருக்கிறதே!' என்று ஏமாந்து, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த நீர் காலில் தேங்கினால் வீக்கம். வயிற்றில் தேங்கினால் உப்புசம், பசியின்மை. நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறல்.

தஞ்சை டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. பாசன வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ, வடிகால் வாய்க்காலும் அவ்வளவு முக்கியம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பாசனத்துக்குப் பிரிய, மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பாப் பயிர் மூழ்கினால் விவசாயி என்ன செய்கிறார்? வடிகாலைத் திறந்துவிடுகிறார். அதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவதில்லை. மறுநாள் வரப்பில் நின்று, வயலில் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்று பார்க்கிறார். வடிகாலில் தண்ணீர் ஹோவென்று ஓடலாம். ஆனால் பக்கத்து வயல் தண்ணீரும் உள்ளே வந்துகொண்டிருந்தால், மட்டம் குறையவே குறையாது!

நீர் மாத்திரை, வடிகாலைத் திறக்கிற வேலையைச் செய்கிறது. நீங்கள் பாத்ரூம் போவது வடிகாலில் ஓடுகிற தண்ணீர். வயலில் எவ்வளவு நிற்கிறது என்பதைச் சொல்ல ஒரு சாதாரண எடை பார்க்கும் மெஷின் போதும்.

ஈர நெல்லும் உலர் எடையும்

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இந்தக் கணக்குதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தால் அது சதை அல்ல. சாப்பாட்டால் இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் சதை போடாது. உடம்பில் தேங்கிய ஒன்றரை லிட்டர் நீர்தான் அது.

நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டு போயிருப்பவர்களுக்கு ஈரப்பதம் பார்க்கும் கருவியைத் தெரியும். ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கமான விதி. ஈர நெல் கனக்கும். ஆனால் உள்ளே அரிசி கூடியிருக்காது. காய்ந்த பிறகு நிற்பதே அதன் உண்மையான எடை. நமது உடம்புக்கும் அப்படி ஓர் எடை உண்டு. கால் வீக்கம் வற்றி, மூச்சு சுலபமாகி, தலைசுற்றலும் இல்லாமல் நீங்கள் சௌகரியமாக இருக்கும்போது மெஷின் காட்டுகிற எடைதான் அது. 'உலர் எடை' என்பார்கள். "என்னோட உலர் எடை எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான்.

நீர் கோத்திருக்கும் ஆரம்ப நாட்களில், ஒரு நாளைக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை இறங்கினால் மாத்திரை சரியாக வேலை செய்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். உலர் எடையைத் தொட்டதும் இறக்கம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு தராசு முள் ஒரே இடத்தில் நிற்பதே வெற்றி. "எடை குறையவே மாட்டேங்குதே" என்று அப்போது கவலைப்படாதீர்கள்.

எடை பார்க்க ஒரு முறை உண்டு. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடிப்பதற்கு முன்னால் பாருங்கள். தினமும் ஒரே மாதிரி மெல்லிய உடை. அதே மெஷின். மெஷினைப் பாயிலோ மெத்தையிலோ வைக்காமல் சமமான தரையில் வையுங்கள். ரைஸ் மில் தராசில் மாதம் ஒருமுறை ஏறிப் பார்ப்பது நெல் மூட்டைக்குச் சரி. நமக்கு அரைக் கிலோ வித்தியாசமும் தெரிய வேண்டும்.

மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த மாதச் செக்கப் வரைக்கும் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் வருவதற்குப் பல நாட்கள் முன்பே எடை ஏறத் தொடங்கிவிடும். அந்த நாட்களை வீணாக்காதவர்கள் பலர் ஆஸ்பத்திரியில் படுக்காமலே தப்பித்துவிடுகிறார்கள்.

தராசோடு சேர்த்துப் பாருங்கள்

எடையோடு இன்னும் சில அடையாளங்களும் இருக்கின்றன. எல்லாம் வீட்டிலேயே தெரியும்.

தலையணை: போன மாதம் ஒரு தலையணையில் தூங்கியவர் இப்போது இரண்டு, மூன்று அடுக்குகிறாரா? படுத்த ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா? நுரையீரலில் நீர் சேர்கிறது.

குனிதல்: வாசலில் கோலம் போடக் குனிந்தால், செருப்பு மாட்டக் குனிந்தால் அரை நிமிடத்தில் மூச்சு வாங்குகிறதா? இதுவும் நீர் தேக்கத்தின் அடையாளமே. வயதாகிவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள்.

கால்: முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? நேற்றுக் கணுக்காலில் இருந்த வீக்கம் இன்று முழங்கால் வரை ஏறியிருக்கிறதா? படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் காலில் தெரியாது. இடுப்புக்குப் பின்புறம் அழுத்திப் பார்க்க வேண்டும்.

இடுப்பு: பாவாடை நாடா, வேட்டி முடிச்சு திடீரென்று இறுக்குகிறதா? நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடுகிறதா? வயிற்றில் நீர் சேர்ந்தாலும் இப்படி ஆகும்.

எல்லா வீக்கமும் இதய வீக்கம் அல்ல!

கால் வீக்கத்தை மட்டும் வைத்து மாத்திரையை எடை போட்டுவிடாதீர்கள். நம் பகுதியில் இதை அவசியம் சொல்ல வேண்டும். கும்பகோணம் வட்டாரத்தில் யானைக்கால் நோய் நெடுங்காலமாக இருந்துவந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிணநீர்க் குழாய் அடைபட்டு வருகிற அந்த வீக்கம் நீர் மாத்திரைக்கு வற்றாது. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிற அம்லோடிபின் மாத்திரையாலும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதுவும் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. எடை உலர் எடையிலேயே நிற்கிறது, மூச்சும் நன்றாக இருக்கிறது, ஆனால் கால் மட்டும் வீங்கியே இருக்கிறது என்றால் நீங்களாக இன்னொரு நீர் மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். காரணம் வேறாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரை போட்டும் ஏன் வற்றவில்லை?

எடை இறங்கவில்லை என்றால் மாத்திரையை உடனே குறை சொல்ல வேண்டாம். வழக்கமான காரணங்கள் ஐந்து.

ஒன்று, பாதி மாத்திரை. ஃப்ரூசமைடு (லாசிக்ஸ்) போன்ற நீர் மாத்திரைகளுக்கு ஒரு 'வாசற்படி' உண்டு. அந்த அளவைத் தாண்டினால்தான் சிறுநீரகம் கதவைத் திறக்கும். ஒருவருக்கு 40 மி.கி. வாசற்படி என்றால், அதைப் பாதியாக உடைத்துக் காலையில் 20, மாலையில் 20 என்று சாப்பிட்டால் இரண்டு வேளையும் கதவு திறக்காது! கணக்கில் 40 போனது. பலன் பூஜ்யம். ஆகவே உங்கள் இஷ்டத்துக்கு உடைக்காதீர்கள். வழக்கமாக மாத்திரை சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் நன்றாகப் போகத் தொடங்கும். ஆறு மணி நேரம் வரை அதன் வேலை இருக்கும். போட்ட பிறகு ஒரு மாறுதலுமே தெரியவில்லை, எடையும் இறங்கவில்லை என்றால் வாசற்படியைத் தாண்டவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல் இது.

இரண்டு, உப்பு. மாத்திரையின் வேகம் அடங்கிய பிறகு, மிச்சமுள்ள நேரத்தில் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கத் துடிக்கும். அந்த நேரத்தில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வடகம், கருவாடு என்று உள்ளே போனால் காலையில் வெளியேறியதெல்லாம் ராத்திரியே திரும்பி வந்துவிடும். "நாங்க இந்துப்புதான் சேக்கறோம்" என்பவர்களுக்கும் இது பொருந்தும். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

மூன்று, வலி மாத்திரை. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் நீர் மாத்திரையின் கையைக் கட்டிப்போட்டுவிடும். சிறுநீரகத்தையும் கெடுக்கும். வயல் வேலை பார்த்துப் பார்த்து முழங்கால் தேய்ந்த பெண்களிடம் இந்த வழக்கம் அதிகம். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நான்கு, வீங்கிய குடல். உடம்பில் நீர் ரொம்பக் கோத்துவிட்டால் குடலும் வீங்கும். மாத்திரை ரத்தத்தில் ஏறுவது தாமதப்படும். ஃப்ரூசமைடு வாய்வழியாகச் சாப்பிடும்போது சராசரியாகப் பாதி அளவுதான் ரத்தத்தில் சேர்கிறது. அதுவும் ஆளுக்கு ஆள் மாறுபடும். டார்செமைடு பெரும்பகுதி சேர்ந்துவிடும். அதனால் சிலருக்கு டாக்டர் அதை மாற்றித் தருவதுண்டு. அதற்காக அது ஒசத்தி, இது மட்டம் என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் ஒப்பிட்டு 2,859 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வின் முடிவு 2023ல் வெளியானது. உயிர் காப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஐந்து, பஸ் பயணம். இதை யாரும் வெளியே சொல்வதில்லை. வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ தஞ்சாவூருக்கு டாக்டரைப் பார்க்க வர வேண்டும். வழியில் பாத்ரூமுக்கு எங்கே போவது? அதனால் அன்று காலை மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். கல்யாணம், கோயில், நடவு வேலை என்று மாதத்தில் ஐந்தாறு நாள் இப்படியே போய்விடுகிறது. பெண்களுக்குத்தான் இந்தச் சங்கடம் அதிகம். டாக்டரோ, "தினமும் சாப்பிட்டும் நீர் வற்றவில்லையே" என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுகிறார்! வெட்கப்படாமல் சொல்லுங்கள். வெளியே போகும் நாட்களில் விடியற்காலையிலோ, வீடு திரும்பிய பிறகு மதியமோ சாப்பிட நேரத்தை மாற்றித் தருவார். மாத்திரையை விடுவதற்கு நேரத்தை மாற்றுவது எவ்வளவோ மேல்.

அளவுக்கு மீறினால்...

வடிகாலைத் திறந்தே வைத்தால் பயிர் காய்ந்து போகும் இல்லையா? எடை உலர் எடைக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, வாய் வறள்கிறது, கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொள்கிறது, சிறுநீர் குறைந்து அடர்த்தியாகப் போகிறது... இவையெல்லாம் மாத்திரை அதிகமாகிவிட்டதற்கு அடையாளம். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து, தலைசுற்றி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்துக் கொட்டும்போதும், வாந்தி, பேதி வந்தாலும் வழக்கமான அளவே அதிகமாகிவிடலாம். அப்படிப்பட்ட நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

தராசுக்குத் தெரியாத விஷயம் ரத்தத்தில் இருக்கிறது. நீரோடு சோடியம், பொட்டாசியம் உப்புகளும் வெளியேறுகின்றன. பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஸ்பைரோனோலாக்டோன் என்கிற இன்னொரு வகை மாத்திரை நேர்மாறாகப் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். அதையும் சாப்பிடுகிறவர்கள் தினமும் இளநீர், வாழைத்தண்டுச் சாறு, பொட்டாசியம் கலந்த 'சோடியம் குறைந்த உப்பு' என்று சேர்த்தால் ஆபத்து. நீர் இறங்க வேண்டும் என்று நெருஞ்சில் கஷாயம், மூக்கிரட்டைக் கீரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். மாத்திரை தொடங்கினாலோ, அளவு மாறினாலோ ஒன்று, இரண்டு வாரத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும்.

டாக்டர் என்ன பார்க்கிறார்?

நீங்கள் போனதும் டாக்டர் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நுரையீரலின் அடிப்பகுதியில் நீர்ச் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பார். உட்கார்ந்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்ப்பார். தேவைப்பட்டால் இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை எழுதுவார். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு ஊசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சிறுநீரில் எவ்வளவு சோடியம் வெளியேறுகிறது என்று அளக்கும் முறையும் இப்போது இருக்கிறது. போதாவிட்டால் உடனே அளவைக் கூட்டுகிறார்கள்.

ஆனால் புறநோயாளியாக வரும் உங்களை டாக்டர் பார்ப்பது மாதத்தில் ஒருநாள், சில நிமிடங்கள். மிச்ச 29 நாட்களும் நடந்தது என்ன என்பது உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. "பரவாயில்லை டாக்டர்" என்ற ஒற்றை வார்த்தையை விட, 30 நாள் எடை எழுதிய ஒரு பக்கம் அவருக்கு ஆயிரம் மடங்கு உதவும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021லிருந்து வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். அவர்கள் சொல்லும் அளவையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வற்றியதும் நிறுத்திவிடலாமா?

கூடாது! முக்கியமாக மற்ற மாத்திரைகளை. நீர் மாத்திரை அவஸ்தையைக் குறைக்கிறது. இதயம் சுருங்கி விரியும் சக்தி குறைந்தவர்களுக்கு ஆயுளைக் கூட்டுவது கூடவே தருகிற மற்ற மருந்துகள்தான். குறைந்த அளவு ஸ்பைரோனோலாக்டோன் அத்தகைய நோயாளிகளின் மரணத்தை 30 சதவீதம் குறைத்ததாக 1999ல் வெளியான ஆய்வு காட்டியது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடமும் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013ல் இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,205 பேரின் விவரங்களைத் தொகுத்தார்கள். சராசரி வயது வெறும் 61. பத்தில் ஏழு பேருக்கு இதய ரத்தக் குழாய் அடைப்பே காரணம். ஓராண்டுக்குள் பத்தில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். சுருங்கும் சக்தி குறைந்தவர்களில், தர வேண்டிய எல்லா மருந்துகளோடும் வீடு திரும்பியவர்கள் நாலில் ஒரு பங்குதான். அப்படி முழு மருந்தும் பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆகவே கால் வற்றியதும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உலர் எடையில் பல வாரம் நிலையாக நின்றால் நீர் மாத்திரையை மட்டும் டாக்டரே குறைப்பார். சிலருக்கு நிறுத்தியும் விடுவார்.

நோட்டில் தினமும் எழுத வேண்டியவை:

• காலை எடை
• நீர் மாத்திரை சாப்பிட்ட நேரம் (விட்டுப் போனால் அதையும் மறைக்காமல்)
• எத்தனை தலையணை, ராத்திரி மூச்சு முட்டியதா
• கால் வீக்கம் எதுவரை
• தலைசுற்றல் உண்டா
• புதிதாகச் சாப்பிட்ட வலி மாத்திரை, கஷாயம்

டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டியவை: மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை ஏற்றம், வழக்கத்தை விட அதிக மூச்சிரைப்பு, உலர் எடைக்குக் கீழே போய்த் தலைசுற்றல், சிறுநீர் வெகுவாகக் குறைதல்.

காத்திருக்காமல் 108க்குப் போன் செய்ய வேண்டியவை: படுக்கவே முடியாத மூச்சுத் திணறல், நுரை கலந்த இளஞ்சிவப்புச் சளி, நெஞ்சு வலி, மயக்கம்.

நோயாளிக்குக் கண் சரியாகத் தெரியவில்லையா? பேரனையோ பேத்தியையோ எழுதச் சொல்லுங்கள். நாளைக் காலை காபிக்கு முன்னால் முதல் எடையைப் பார்த்து எழுதிவிடுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மருந்துச் சீட்டோடு அந்த நோட்டையும் மறக்காமல் மஞ்சள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.